முடிந்த வேலைக்குப் பணம் கொடுங்கள்: போர்க்கப்பல் ஒப்பந்தங்கள் குறித்துப் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

பாதுகாப்பு அமைச்சகத்தின் கொள்முதல் பிரிவு, பாதுகாப்பு உற்பத்தித் துறை, கடற்படைத் தலைமையகம் ஆகியவற்றில் போர்க்கப்பல் ஒப்பந்தங்களைக் கையாளும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

போர்க்கப்பல் ஒன்று நாலைந்து வருஷம் தாமதமாக வந்தால், பேச்சு உடனே அதைக் கட்டிய தளத்தின் பக்கம் திரும்பிவிடுகிறது. தொழிலாளர்கள் மெத்தனம், நிர்வாகம் மந்தம் என்று இரண்டு வரியில் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். கப்பல் தளம் ஒன்றில் பைப் வேலைப் பிரிவிலும், பிறகு உள்பொருத்து வேலைகளை (கப்பலுக்குள் பைப், கேபிள், சாதனங்கள் பொருத்துவதை) திட்டமிடும் பிரிவிலும் வேலை பார்த்தவன் நான். தளங்களின் குறைகள் எனக்குத் தெரியும்; அவற்றையும் இந்த மடலில் சொல்கிறேன். ஆனால் தாமதத்தின் பெரும்பகுதி, முதல் இரும்புத் தகடு வெட்டப்படும் முன்பே ஒப்பந்தத் தாளில் ஏறிவிடுகிறது என்பதுதான் நான் கண்டது. எந்த வேலைக்கு எப்போது பணம், தவறினால் யாருக்கு நஷ்டம், நன்றாக முடித்தால் யாருக்கு லாபம் என்பதையெல்லாம் அந்தத் தாள் தீர்மானிக்கிறது. தளத்தில் இருப்பவர்கள் அதன்படி நடந்துகொள்கிறார்கள். அந்தத் தாளை எழுதுபவர்கள் நீங்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். பி-17ஏ என்ற ஃபிரிகேட் (நடுத்தர அளவுப் போர்க்கப்பல்) திட்டத்தின் முதல் கப்பலான நீலகிரி, மும்பை மசகான் தளத்தில் 2019 செப்டம்பரில் நீரில் இறக்கப்பட்டது. அதைக் கடற்படையிடம் ஒப்படைத்தது 2024 டிசம்பரில். இறக்கியதிலிருந்து ஐந்து வருஷத்துக்கும் மேல். அதே தளத்தில் அதே வகையில் அடுத்து வந்த உதயகிரி 2022 மே மாதம் இறங்கி, 37 மாதங்களில், 2025 ஜூலை 1 அன்று ஒப்படைக்கப்பட்டது. ஆட்களும் அவர்களே, கிரேனும் அதுவே. முதல் கப்பலில் கற்றது கைகொடுத்தது, வரைபடங்கள் முடிந்திருந்தன, என்ன சாதனம் எங்கே உட்காரும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நம் தளங்களால் வேகமாகக் கட்ட முடியும் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம். முதல் கப்பலுக்கும் இந்த நிலைமையை எப்படி உண்டாக்குவது என்பதுதான் கேள்வி.

சரி, பணத்திலிருந்து தொடங்குகிறேன்.

போர்க்கப்பல் ஒப்பந்தத்தில் பணம் கட்டம் கட்டமாக வரும். கையெழுத்தானதும் ஒரு பங்கு, உற்பத்தி தொடங்கியதும் ஒரு பங்கு, கீல் (கப்பலின் அடித்தண்டு) போட்டதும் ஒன்று, நீரில் இறக்கியதும் ஒன்று, அப்புறம் சோதனைகள், கடைசியில் ஒப்படைப்பு. மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமான ஏற்பாடு. ஆனால் கீல் போடுவதும் நீரில் இறக்குவதும் நாட்கள். வேலையின் அளவுகள் அல்ல. எந்த நிலையில் இருக்கும் கப்பலையும் மிதக்கிற அளவுக்கு உடம்பை மூடிவிட்டால் நீரில் இறக்கலாம். அமைச்சர் வருவார், தேங்காய் உடைப்பார்கள், படம் எடுப்பார்கள், பணமும் வந்து சேரும். அந்தக் கப்பலுக்குள் எத்தனை மீட்டர் கேபிள் இழுத்திருக்கிறது, எத்தனை பைப் பொருத்திச் சோதித்திருக்கிறது என்று அந்தக் கட்டத்துப் பணத்தைத் தரும்போது யாரும் கேட்பதில்லை.

இதனால் தளத்துக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் பக்கத்தில் வந்து பார்க்க வேண்டும்.

கப்பலை இப்போது பிளாக் பிளாக்காகக் கட்டுகிறார்கள். ஒவ்வொரு பிளாக்கும் ஒரு பெரிய அறை அளவு இருக்கும், சில பிளாக்குகள் வீட்டளவு. தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, மேல்தளத்தின் அடிப்பக்கத்தில் ஓட வேண்டிய பைப்களையும் கேபிள் தட்டுகளையும் காற்றுக் குழாய்களையும் கீழ்நோக்கி வெல்டிங் செய்யலாம். வெளிச்சம் உண்டு, காற்று உண்டு, கிரேன் தலைக்கு மேலே நிற்கிறது, உலோகக் குழம்பு தானாக இணைப்பில் படிகிறது. இதே வேலையைக் கப்பல் மிதந்த பிறகு செய்தால், அந்த வெல்டர் ஓர் ஆள் நுழையும் துவாரத்தில் இறங்கி, நாலு ஏணி கடந்து, புகை உறிஞ்சும் குழாயை இழுத்துக்கொண்டு போய், மல்லாந்து படுத்துத் தலைக்கு மேலே வெல்டிங் செய்ய வேண்டும். தீக்காவலுக்கு ஓர் ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும். அடுத்த அறையில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தால் அன்று வெல்டிங் அனுமதிச் சீட்டே கிடைக்காது. கப்பல் கட்டுபவர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு: பட்டறையில் ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலை பிளாக்கில் மூன்று மணி நேரம் பிடிக்கும், மிதக்கும் கப்பலில் எட்டு மணி நேரம் பிடிக்கும். ஊருக்கு ஊர் எண் கொஞ்சம் மாறலாம். கப்பலுக்குள் வேலை பார்த்த எவரும் அந்த விகிதத்தை மறுக்க மாட்டார்கள்.

ஆக, நீரில் இறக்கும் தேதிக்குப் பணத்தைக் கட்டிவைத்தால், ஒரு மணி நேர வேலையை எட்டு மணி நேர இடத்துக்குத் தள்ளச் சொல்லி நாமே பணம் கொடுக்கிறோம். திட்டமிடும் பிரிவில் உட்கார்ந்திருப்பவருக்கு இது நன்றாகத் தெரியும். "இன்னும் மூன்று மாதம் கரையிலேயே இருக்கட்டும், எஞ்சின் அறை பைப் எல்லாம் முடித்துவிடலாம்" என்று அவர் சொல்வார். கணக்குப் பிரிவு அந்தக் காலாண்டு வருமானத்தைக் காட்டும். கப்பலைக் கட்டி நீரில் இறக்கும் ஸ்லிப்வே சரிவில் அடுத்த கப்பல் வரிசையில் நிற்கும். கடைசியில் கப்பல் காலி வயிற்றோடு தண்ணீரில் இறங்கும்.

உள்நாட்டில் கட்டிய விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த் நம் நாட்டின் பெருமை; அதில் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. ரஷ்ய இரும்பு வராதபோது, பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவும் அரசு உருக்கு நிறுவனமான செயிலும் சேர்ந்து போர்க்கப்பல் தரத்துத் தகட்டை இங்கேயே உருவாக்கியது பெரிய சாதனை. ஆனால் தேதிகளைப் பாருங்கள். கொச்சியில் 2009 பிப்ரவரியில் கீல். 2013 ஆகஸ்ட்டில் நீரில் இறக்கியது. 2022 செப்டம்பர் 2 அன்று கடற்படையில் சேர்ந்தது. இறக்கிய பிறகு ஒன்பது வருஷம். கொச்சித் தளத்தோடு மூன்று ஒப்பந்தங்கள்: 2007, 2014, 2019. மூன்றாவது ஒப்பந்தம் கையெழுத்தானபோது கப்பல் மிதக்க ஆரம்பித்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. முதல் விமானந்தாங்கியில் கற்க வேண்டியது நிறைய இருந்தது உண்மைதான். ஆனாலும் வேலையின் பின்பாதி முழுவதையும் மிதக்கும் கப்பலுக்குள் செய்ய வேண்டி வந்ததற்கு, ஒப்பந்தத்தைத் துண்டு துண்டாகப் பிரித்ததும் ஒரு காரணம். ஏறத்தாழ 20,000 கோடி ரூபாய் ஆன கப்பலில் இந்தப் பாடத்துக்கு நாம் நிறையவே கட்டணம் செலுத்தியிருக்கிறோம். அடுத்த கப்பலிலாவது அது பயன்பட வேண்டும்.

என் கோரிக்கை எளிமையானது. நீரில் இறக்கும் கட்டத்துக்கான பணத்தை, இறக்கும் நாளிலிருந்து பிரித்து, அந்த நாளில் கப்பலுக்குள் முடிந்திருக்கும் வேலையோடு கட்டுங்கள். எத்தனை அறைகள் பெயின்ட் உட்பட முடிந்து பூட்டப்பட்டன, எத்தனை பைப் வரிசைகள் அழுத்தச் சோதனையில் தேறின, எத்தனை மீட்டர் கேபிள் இழுத்து இரு முனையும் இணைக்கப்பட்டது என்று அளந்து கொடுங்கள். இதற்குப் புதிதாக எந்த ஏற்பாடும் வேண்டாம். ஒவ்வொரு தளத்திலும் கடற்படையின் மேற்பார்வைக் குழு இருக்கிறது. ஒவ்வொரு தொட்டிக்கும், ஒவ்வொரு பைப் வரிசைக்கும், ஒவ்வொரு அறைக்கும் சோதனைத் தாளில் அவர்கள் கையெழுத்துப் போடுகிறார்கள். அளவு ஏற்கனவே உங்கள் அலமாரியில் இருக்கிறது. அதைப் பணத்தோடு இணைக்கவில்லை, அவ்வளவுதான். உள்பொருத்து வேலையில் எழுபது விழுக்காடாவது முடியாமல் இறக்கினால் அந்தக் கட்டத்தில் பாதிப் பணம்தான் என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். கணக்குப் பிரிவும் திட்டமிடும் பிரிவும் முதல் முறையாக ஒரே கட்சிக்கு வந்துவிடுவார்கள்.

அடுத்து, உங்களுக்குக் கொஞ்சம் கசப்பாக இருக்கக்கூடிய விஷயம். தளத்தின் தாமதத்தில் ஒரு கணிசமான பங்கு வாங்குபவருடையது.

கப்பலில் பொருத்த வேண்டிய பல முக்கியச் சாதனங்களை எந்த நிறுவனத்திடம் வாங்க வேண்டும் என்று கடற்படையே பெயர் குறித்துச் சொல்லிவிடும். சிலவற்றை அரசே வாங்கித் தளத்துக்குத் தரும். ஆயுதம், ரேடார், சோனார் (நீருக்கடியில் ஒலியால் தேடும் கருவி) போன்றவற்றில் இது இயல்பு. ஆனால் அந்தச் சாதனம் எந்தத் தேதியில் வரும், அதன் அடிப்பீட அளவு என்ன, எவ்வளவு மின்சாரம், எவ்வளவு குளிர்நீர் வேண்டும் என்ற விவரம் வராவிட்டால், அந்த அறையின் வரைபடத்தை முடிக்க முடியாது. வரைபடம் முடியாமல் பைப் ஓட்ட முடியாது. நம் வழக்கத்தில் வடிவமைப்பும் கட்டுமானமும் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. முன்பக்கத்தில் தகடு வெட்டிக்கொண்டிருக்கும்போது பின்பக்கத்து அறைக்கு என்ன ரேடார் என்று தில்லியில் பேசிக்கொண்டிருப்பார்கள்.

ஒரு டீசல் ஜெனரேட்டர் தாமதமானால் என்ன ஆகும் என்று மட்டும் சொல்கிறேன். அது இறங்க வேண்டிய வழியை மேல்தளத்தில் திறந்தே வைத்திருக்க வேண்டும். திறந்து வைத்தால் மழை இறங்கும். அதனால் அதற்குக் கீழே உள்ள அறைகளில் கேபிள் முனைகளை இணைக்க முடியாது. பொறுத்துப் பார்த்து, இனி முடியாது என்று மேல்தளத்தை மூடிவிடுவார்கள். சாதனம் வந்ததும் மூடியதை வெட்ட வேண்டும். வெட்டும் இடத்துக்குக் கீழே ஏற்கனவே போட்ட கேபிளையும் காப்புப் பஞ்சையும் கழற்ற வேண்டும். ஜெனரேட்டரை இறக்கி, தண்டை நேர்ப்படுத்தி, தகட்டைத் திரும்ப வெல்டிங் செய்து, எக்ஸ்ரே எடுத்து, தேறாவிட்டால் தோண்டி மறுபடி வெல்டிங் செய்து, பெயின்ட் அடித்து, கேபிளைத் திரும்பப் போட்டு, அந்த அறைக்கான சோதனைகளை முதலிலிருந்து செய்ய வேண்டும். வீட்டுக்கு வெள்ளையடித்து முடித்த பிறகு சுவரை உடைத்து வயர் இழுப்பதைப் போன்ற வேலை இது. ஒரு சாதனத்தின் மூன்று மாதத் தாமதம் இப்படித்தான் கப்பலின் ஒரு வருஷத் தாமதமாக வளர்கிறது. கடைசியில் அறிக்கையில் "தளத்தின் தாமதம்" என்ற பத்திக்குள் அது போய் உட்கார்ந்துகொள்கிறது.

நானாகச் சொல்வதில்லை இது. உள்நாட்டில் போர்க்கப்பல் கட்டுவது பற்றித் தலைமைக் கணக்குத் தணிக்கையர் 2010-11இல் கொடுத்த அறிக்கை உங்கள் கோப்பில் இருக்கும். பி-17ஏ வரிசைக்கு முந்தைய பி-17 ஃபிரிகேட் திட்டத்தின் மதிப்பீடு 2,250 கோடியிலிருந்து 8,101 கோடிக்கு ஏறியது. பி-15ஏ என்ற டெஸ்ட்ராயர் (பெரிய போர்க்கப்பல்) திட்டத்தினுடையது 3,580 கோடியிலிருந்து 11,662 கோடிக்கு. எந்த ஆயுதம், எந்தச் சென்சார் என்று முடிவாகும் முன்பே திட்டத்துக்கு ஒப்புதல் கேட்டதால் முதல் மதிப்பீடே நிஜத்தோடு ஒட்டாமல் இருந்தது. பி-15ஏ வரிசையின் முதல் கப்பலான கொல்கத்தா 2014 ஆகஸ்ட்டில் கடற்படையில் சேர்ந்தபோது, அதன் முதன்மை வான்தடுப்பு ஏவுகணை இன்னும் தயாராகவில்லை. ஸ்கார்ப்பீன் நீர்மூழ்கிகளைப் பாருங்கள்: 2005இல் ஒப்பந்தம், 2012இல் முதலாவது வர வேண்டும், அந்த முதலாவதான கல்வரி சேர்ந்தது 2017 டிசம்பரில், அதற்கென்று தேர்ந்தெடுத்த புதிய டார்பிடோ ஒப்பந்தம் வேறு காரணங்களால் கைவிடப்பட்டது. இதில் எதற்கும் மசகான் வெல்டர் பொறுப்பாளி அல்ல.

இது நம் நாட்டு வியாதி மட்டும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்கக் கடற்படை 2020இல் கான்ஸ்டலேஷன் என்ற ஃபிரிகேட்டுக்கு ஆர்டர் கொடுத்தது. ஐரோப்பாவில் ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் வடிவத்தை எடுத்துக்கொள்கிறோம், அதனால் சீக்கிரம் வரும் என்றார்கள். பிறகு கடற்படையே ஒவ்வொன்றாக மாற்றச் சொல்லி, மூல வடிவத்தோடு ஒற்றுமை மிகக் குறைந்துபோனது. வடிவமைப்பு முடியாமலே 2022இல் கட்டத் தொடங்கினார்கள். கப்பலின் எடை ஏறியது, மூன்று வருஷம் தாமதம் என்றார்கள், 2025 நவம்பரில் கட்டிக்கொண்டிருக்கும் இரண்டைத் தவிர மீதியை ரத்து செய்துவிட்டார்கள். அத்தனை பணமும் அத்தனை மேற்பார்வை அலுவலகங்களும் உள்ள நாட்டில் நடந்தது இது.

ஆகவே ஒப்பந்தத்தில் வாங்குபவருக்கும் ஒரு பத்தி வேண்டும். பெயர் குறித்த ஒவ்வொரு சாதனத்துக்கும், விவரம் தர வேண்டிய தேதி, பொருள் தர வேண்டிய தேதி இரண்டையும் எழுதுங்கள். தேதி தவறினால் தாமதம் வாங்குபவர் கணக்கில் ஏறட்டும். குறித்த நாளைத் தாண்டியும் புதிய சாதனம் தயாராகவில்லை என்றால், கையில் இருக்கும் பழைய வகையைப் பொருத்தி, புதியதற்கு இடமும் மின்சாரமும் ஒதுக்கி வைத்துவிட்டு, முதல் பெரிய பழுதுபார்ப்பில் மாற்றிக்கொள்ளலாம். முதல் தகடு வெட்டும் முன் அறை அறையாக வரைபடம் முடிந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு மாற்றம் கேட்கும் அதிகாரி, அதற்கான பணத்தையும் மாதங்களையும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மாற்றமே கூடாது என்று சொல்லவில்லை. எதிரி மாறுவான், ஆயுதம் மாறும். மாற்றத்தின் விலை கேட்பவர் கண்ணில் படட்டும் என்கிறேன்.

இனி தண்டனையும் பரிசும்.

பாதுகாப்புக் கொள்முதலில் வழக்கமான விதி, தாமதமான பொருளின் மதிப்பில் வாரத்துக்கு அரை விழுக்காடு, உச்ச வரம்பு ஐந்து விழுக்காடு. கணக்குப் போட்டால் பத்து வாரத்தில் வரம்பு வந்துவிடும். கப்பல் ஒப்பந்தத்தில் எண்களும் காலமும் வேறாக இருக்கலாம், அமைப்பு இதுதான். வரம்பைத் தொட்டுவிட்ட தளத்துக்கு அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு மாதத் தாமதத்துக்கும் கூடுதல் தண்டனை ஏதும் இல்லை. இரண்டு வருஷம் தாமதமாகும் கப்பலில் இந்த விதி முதல் சில மாதங்களிலேயே செத்துவிடுகிறது. நீண்ட தாமதத்தைத் தடுக்க எழுதிய விதி, நீண்ட தாமதத்தில்தான் வேலை செய்யவில்லை.

அதோடு, தண்டனை யாருக்கு? மசகான், கார்டன் ரீச், கோவா, ஹிந்துஸ்தான் தளங்கள் பாதுகாப்பு உற்பத்தித் துறையின் கீழ் இருப்பவை. வாங்குவது அமைச்சகம், பெரும்பான்மைப் பங்கு வைத்திருப்பதும் அமைச்சகம், மேற்பார்வை செய்வதும் அமைச்சகத்தின் கீழுள்ள கடற்படை. அபராதம் ஒரு பையிலிருந்து எடுத்து இன்னொரு பையில் போடுவதாகவே இருக்கிறது. இதற்கு மாற்றாக, விலை குறைவு என்பதை மட்டும் பார்த்து வேறு தளங்களிடம் கொடுத்ததும் சரியாக வரவில்லை. தனியார் தளமான பிபாவாவுக்கு 2011இல் கொடுத்த ஐந்து ரோந்துக் கப்பல்களில் ஒன்றுகூட வரவில்லை. கடைசியில் ஒப்பந்தமே ரத்தானது. குஜராத் மாநில அரசின் நிறுவனமான பாவ்நகர் அல்காக் ஆஷ்டவுனுக்கு 2006இல் கொடுத்த ஆறு ஆய்வுக் கப்பல்களில் மகர் ஒன்றுதான் சேர்ந்தது. தளத்தின் நிதி நிலையையும் ஆர்டர் வரிசையையும் பார்க்காமல் விலைப்புள்ளியை மட்டும் பார்த்ததன் பலன். அதே சமயம் தனியார் நிறுவனமான எல் அண்ட் டி கடலோரக் காவல்படைக்குக் கட்டிய ரோந்துக் கப்பல்கள் குறித்த தேதிக்கு முன்பே வந்தன. அரசா, தனியாரா என்ற வாதத்தில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம் என்பதற்காகவே இரண்டையும் சொல்கிறேன்.

எனக்குச் சரியாகப் படுவது, ஆதாயத்தையும் நஷ்டத்தையும் பங்கிட்டுக்கொள்ளும் ஒப்பந்தம். முன்பு நம் தளங்களுக்கு, ஆன செலவோடு ஒரு விழுக்காடு லாபம் சேர்த்துக் கொடுத்தார்கள். செலவு ஏறினால் லாபமும் ஏறும். அதிலிருந்து நிலையான விலையின் பக்கம் நகர்ந்தது நல்லது. ஆனால் முதல் கப்பலுக்கு முழுக்க நிலையான விலை என்றால், தளம் பயத்தில் விலையை ஏற்றிக் கேட்கும், அல்லது தரத்தில் கை வைக்கும். நடுவழி ஒன்று உண்டு. இலக்கு விலை 1,000 கோடி, உச்ச விலை 1,200 கோடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 900 கோடியில் முடித்தால் மிச்சமான நூறு கோடியில் பாதி தளத்துக்கு. 1,100 ஆனால் கூடுதல் நூறில் ஆளுக்குப் பாதி. 1,200க்கு மேல் போகும் ஒவ்வொரு ரூபாயும் தளத்தின் தலையில். இப்போது இரண்டு பக்கமும் ஒரே எண்ணைக் கவனித்துக்கொண்டிருக்கும்.

இதுவும் தானாக வேலை செய்துவிடாது. அமெரிக்காவில் இந்த வகை ஒப்பந்தங்களுக்கு மேல் இன்னும் பல ஊக்கத்தொகைகளைச் சேர்த்துக் கொடுத்தார்கள். அவை பலன் தந்தனவா என்று கடற்படை ஆராய வேண்டும் என்று அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் 2017இல் சொல்ல வேண்டியதாயிற்று. அங்கேயே நன்றாக வேலை செய்த ஊக்கமும் உண்டு. வர்ஜீனியா வகை நீர்மூழ்கிகளில், கட்டும் காலத்தைக் குறைக்கும் கருவிகளிலும் கூடங்களிலும் தளம் முதலீடு செய்தால் அதற்கென்று பரிசு வைத்தார்கள். பல நீர்மூழ்கிகளுக்குச் சேர்த்து ஆர்டர் கொடுத்தார்கள். 84 மாதம் ஆன வேலையை 60 மாதத்தை நோக்கிக் கொண்டுவந்தார்கள். அந்த வகையில் நியூ ஹாம்ஷயர் என்ற நீர்மூழ்கி 2008இல் எட்டு மாதம் முன்னதாகவே வந்தது. அப்புறம் அனுபவசாலிகள் ஓய்வு பெற, துணைப்பொருள் தருபவர்கள் குறைய, வருஷத்துக்கு இரண்டு வேண்டிய இடத்தில் ஒன்றே கால் அளவுக்குத்தான் வருகிறது. ஊக்கத்தொகை ஆட்களின் இடத்தை நிரப்பாது.

அதனால்தான் பரிசுப் பணம் எங்கே போய்ச் சேருகிறது என்பது முக்கியம். நம் தளங்களில் வெல்டிங், பைப், கேபிள் வேலையில் பெரும்பங்கைச் செய்பவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்கள். கப்பல் ஆறு மாதம் முன்னதாக முடிந்தால் அவர்களுக்கு மிஞ்சுவது ஆறு மாதம் முன்னதாக வேலை இழப்பது. அந்த வெல்டரிடம் சீக்கிரம் முடி என்று எந்த முகத்தோடு சொல்வது? முன்னதாக முடித்ததற்கான தொகையில் ஒரு குறிப்பிட்ட பங்கு, ஒப்பந்தத் தொழிலாளர் உட்பட அந்தக் கப்பலில் வேலை செய்தவர்களின் வங்கிக் கணக்குக்கு நேராகப் போக வேண்டும் என்று எழுதுங்கள். இன்னொரு பங்கு துணைப்பொருள் செய்யும் சிறு நிறுவனங்களுக்கு. வால்வு செய்யும் சிறு பட்டறைக்கு 45 நாளில் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் வருஷத்துச் சட்டமே சொல்கிறது. தளம் அதைப் பின்பற்றுகிறதா என்று உங்கள் கட்டப் பணத்தை விடுவிக்கும் முன் சரிபாருங்கள். சிறு பட்டறைக்குப் பணம் நின்றால் வால்வு நிற்கும். வால்வு நின்றால் ஜெனரேட்டரை முன்னிட்டு நான் சொன்ன அத்தனையும் மறுபடி நடக்கும்.

மேற்பார்வையைப் பற்றி இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

தளத்தில் உட்காரும் கடற்படை மேற்பார்வைக் குழுவின் அதிகாரிகளில் பலர் மிகத் திறமையானவர்கள். அவர்களில் சிலரிடம் நான் பாடம் கற்றிருக்கிறேன். ஆனால் அவர்கள் இரண்டு மூன்று வருஷத்தில் மாறிவிடுகிறார்கள். கப்பல் ஆறேழு வருஷம் எடுக்கும். கீல் போடும்போது ஒரு முடிவுக்கு ஒத்துக்கொண்டவர், அதன் விளைவு தெரியும்போது வேறு துறைமுகத்தில் இருப்பார். புதிதாக வருபவர் பழைய முடிவைக் கேள்வி கேட்பார். அதில் தவறில்லை, ஆனால் வேலை மறுபடி நிற்கும். ஒவ்வொரு கப்பலுக்கும் குறைந்தது ஒரு மூத்த அதிகாரியாவது முதல் தகட்டிலிருந்து ஒப்படைப்பு வரை அங்கேயே இருக்கும்படி பணியிட விதியை மாற்றுங்கள். அவருடைய பதவி உயர்வு அதனால் பாதிக்கப்படக் கூடாது. அந்த அதிகாரிக்கு, வரைபடம் முடியாத அறையில் வேலை தொடங்கக் கூடாது என்று நிறுத்தவும், சின்ன மாற்றங்களை தில்லிக்கு எழுதாமல் அங்கேயே முடிக்கவும் அதிகாரம் வேண்டும்.

இன்னொன்று, மக்களுக்குத் தெரிவிப்பது. பாதுகாப்புத் துறைத் தணிக்கை அறிக்கைகள் முன்பு இணையத்தில் கிடைத்தன. பிறகு நாடாளுமன்றத்தில் வைப்பதோடு நிறுத்திக்கொண்டார்கள், இணையத்தில் ஏற்றாமல் விட்டார்கள். ரகசியம் காக்க வேண்டியது எது என்பதில் எனக்கும் உங்களுக்கும் கருத்து வேறுபாடு இருக்காது: சோனாரின் தூரம், ஏவுகணையின் வேகம் யாருக்கும் வேண்டாம். ஆனால் கப்பலின் பெயர், ஒப்பந்தம் ஆன தேதி, முதலில் சொன்ன ஒப்படைப்புத் தேதி, இப்போதைய தேதி, முதல் விலை, இப்போதைய விலை, தாமதம் யார் கணக்கில் எத்தனை மாதம் என்ற ஏழு பத்திகளில் எந்த எதிரிக்கும் பயன்படும் ரகசியம் இல்லை. வருஷத்துக்கு ஒரு முறை இந்த அட்டவணையை வெளியிடுங்கள். ஆழம் குறைந்த நீரில் நீர்மூழ்கிகளைத் தேடும் சிறு கப்பல்கள் பதினாறுக்கு 2019 ஏப்ரலில் ஒப்பந்தம் போட்டபோது, முதல் கப்பல் 42 மாதத்தில் வரும் என்று அமைச்சகமே அறிவித்தது. அதாவது 2022 அக்டோபர். கார்டன் ரீச் நிறுவனத்துக்காகச் சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் கட்டப்பட்ட அந்த முதல் கப்பலான அர்னாலா 2025 மே மாதம் ஒப்படைக்கப்பட்டது. இடையில் கோவிட் வந்தது, எல்லோருக்கும் தெரியும். அந்த இரண்டரை வருஷத்தில் கோவிட் எவ்வளவு, தளம் எவ்வளவு, சாதனம் எவ்வளவு, கடற்படை கேட்ட மாற்றம் எவ்வளவு என்று பிரித்துச் சொன்னால்தான் அடுத்த ஒப்பந்தத்தில் எதைச் சரிசெய்வது என்று தெரியும்.

கடைசியாக ஒன்று. ஆர்டரை விட்டு விட்டுக் கொடுக்காதீர்கள். பி-17 வரிசையின் கடைசிக் கப்பலான சயாத்ரி 2012இல் சேர்ந்தது. அடுத்த வரிசையின் நீலகிரிக்குக் கீல் போட்டது 2017 டிசம்பரில். நடுவில் ஃபிரிகேட் கட்டிய கைகள் வேறு வேலைக்குப் போய்விட்டன. சிலர் வளைகுடாவுக்கே போய்விட்டார்கள். பிரிட்டன் தன் இரண்டு விமானந்தாங்கிகளின் வேலையை, அந்தந்த வருஷத்துச் செலவைக் குறைப்பதற்காக 2008இல் வேண்டுமென்றே மெதுவாக்கியது. அந்த ஒரு முடிவு மொத்த விலையில் 150 கோடி பவுண்டுக்கு மேல் சேர்த்தது. நிதித் துறைக்கு எழுதும் குறிப்பில் இந்த உதாரணத்தைத் தயவுசெய்து சேருங்கள்.

அடுத்த தலைமுறைக் கார்வெட்டுகள் (ஃபிரிகேட்டை விடச் சிறிய போர்க்கப்பல்கள்), பி-17ஏ வரிசைக்கு அடுத்த ஃபிரிகேட்டுகள், தரையிறக்கும் பெரிய கப்பல்கள் எல்லாம் உங்கள் மேசையில் வெவ்வேறு நிலையில் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை. இவற்றில் முதலில் கையெழுத்தாகும் ஒப்பந்தத்தில் மூன்று உட்பிரிவுகளைச் சேருங்கள்: நீரில் இறக்கும் கட்டத்துப் பணம் உள்பொருத்து வேலையின் அளவோடு கட்டப்பட வேண்டும், கடற்படை பெயர் குறித்த சாதனங்களின் தாமதம் வாங்குபவர் கணக்கில் எழுதப்பட வேண்டும், முன்னதாக முடித்ததற்கான தொகையில் தொழிலாளர் பங்கு நேராக அவர்கள் கணக்குக்குப் போக வேண்டும். அந்த மூன்று உட்பிரிவுகளின் வாசகத்தையும், கையெழுத்தான ஒரு மாதத்துக்குள், எல்லோரும் படிக்கும்படி வெளியிடுங்கள். கட்டும் தளங்களிலும் மேற்பார்வைக் குழுக்களிலும் இருப்பவர்கள் அதைப் படித்துவிட்டுத் தங்கள் கருத்தை எழுதுவார்கள், நானும் எழுதுவேன்.

மரியாதையுடன்,
கப்பல் தளத்தில் பணியாற்றிய ஒருவர்